ஆணியில் தொங்கிய பெல்ட்

ராத்திரி பதினொன்றரை இருக்கும். மலையிலிருந்து இறங்கும் ஒற்றைச் சாலை. ஒரு பக்கம் பாறை. இன்னொரு பக்கம்... ஒன்றுமில்லை. வெறும் இருட்டு. கீழே எங்கேயோ தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்கும்.

அந்தச் சாலையில் ஒரு பழைய ஜீப் தனியாக இறங்கி வருகிறது. ஓட்டுவது என் நண்பனுடைய சித்தி. டேய், அந்த டார்ச்சை அணை. சிரிக்கிறவன் இப்போதே சிரித்து முடித்துவிடு, அப்புறம் வராது.

சித்தப்பா போய்ச் சேர்ந்ததும் அதே ஜீப்பில்தான். அதே சாலை, கடைசி வளைவு. ஸ்டியரிங்குக்கு ஆயில் போகும் ஹோஸ் வெடித்து, திரும்ப வேண்டிய சக்கரம் திரும்பவில்லை. அவர் தெறித்துப் பள்ளத்தில் விழுந்தார். ஜீப் மட்டும் ஒரு மரத்தில் மாட்டிக்கொண்டு தொங்கியது.

வண்டியை மேலே இழுத்து வாசலில் நிறுத்தியதும், சித்தியின் கொழுந்தன் காயலான் கடைக்காரரைக் கையோடு கூட்டி வந்துவிட்டார்.

“அண்ணனைத் தின்ன வண்டி, அண்ணி. இது வாசல்ல நிக்கக் கூடாது.”

“வித்துட்டு நான் எதைத் திங்கறது?” என்றார் சித்தி.

மேட்டு வீடுகளுக்குச் சிலிண்டரும் மூட்டையும் ஏற்றிப் போகிற பிழைப்பு. அந்த ஏற்றத்தில் வேறு வண்டி ஏறாது. கொழுந்தனும் லேசுப்பட்டவர் இல்லை. “இன்னொரு தடவை இது தடுமாறுச்சுன்னு காதுல விழட்டும், நானே நின்னு வெட்டிப் போட்டுருவேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சித்தப்பா உயிரோடு இருந்தவரை சித்தியை ஸ்டியரிங்கைத் தொடவே விட்டதில்லை. பொம்பளைக்கு இது அடங்காது என்று எப்போதும் ஒரே பாட்டு. சித்திக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் மெக்கானிக். வெடித்த ஹோஸை மாற்றியவரும் அவர்தான். ஆனாலும் ஒழுக்கு நிற்கவில்லை. தினமும் காலையில் வண்டிக்கடியில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு ஆயில். கொஞ்சம் தித்திப்பாக, கொஞ்சம் கருகலாக ஒரு வாசனை.

மெக்கானிக் எல்லாவற்றையும் பெட்ரோல் துணியால் துடைத்து, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவினார். எந்த இடத்தில் பவுடர் சிவக்கிறதோ, அங்கேதான் ஒழுக்கு. ஆயிலைத் தள்ளி ஸ்டியரிங்கை லேசாக்குகிற பம்புக்கு அடியில் சிவந்தது. ஆயில் கசியாமல் அடைக்கிற சீல் போயிருந்தது. புதுசு வர நாளாகும்.

“அதுவரைக்கும் பெல்ட்டைக் கழட்டிடறேன், பம்ப் ஓடாது. ஓடுனா எரிஞ்சிரும். ஆனா ஸ்டியரிங் கல்லா இருக்கும்மா. தோளு கழண்டுரும்.”

“கழண்டா மாட்டிக்கறேன்.”

பெல்ட், பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்கியது. இதை மட்டும் மறந்துவிடாதே.

அந்த ராத்திரி, ஒவ்வொரு வளைவையும் சித்தி சீட்டிலிருந்து எழும்பி, நெஞ்சால் அணைத்துத் திருப்பிக்கொண்டு வந்தார். கடைசி வளைவு வந்தது.

உய்ய்ய்ங்...

பம்ப் ஓடுகிற சத்தம். பெல்ட் இல்லாமல். கூடவே அந்தத் தித்திப்பு வாசனை. கையில் ஸ்டியரிங் பூ மாதிரி லேசாகிவிட்டது. முதலில் சந்தோஷமாகக்கூட இருந்ததாம். பிறகுதான் கவனித்தார்... அது தானாகத் திரும்பிக்கொண்டிருந்தது. மெதுவாக. பள்ளத்துப் பக்கம்.

பிரேக்கை மிதித்தார். சக்கரம் சரளையில் சறுக்கியது. ஸ்டியரிங் எல்லாம் ஆயில், விரல் நிற்கவில்லை. அழுத்திப் பிடித்தார். பிடியில் அகப்பட்டது இரும்பு இல்லை. சில்லென்று விரல் முட்டிகள். எத்தனை வருஷம் பார்த்த கை, தெரியாதா?

நாமாக இருந்தால் அலறியிருப்போம். சித்திக்கு வந்தது கோபம்.

“உசுரோட இருந்தப்ப ஒரு நாள் குடுத்தீங்களா இதை? இப்ப என் கையில இருக்கு. தோளு கழண்டாலும் நான்தான் ஓட்டுவேன். எடுங்க கையை! கூட வரணும்னா அந்தப் பக்கம் போங்க!”

சத்தம் நின்றது. ஸ்டியரிங் மறுபடி கல்லானது. நாள் முழுக்கத் திட்டித் தீர்த்த அந்தக் கனம் திரும்பி வந்தபோது, சித்திக்கு உயிரே வந்ததாம். எழுந்து நின்று மொத்த உடம்பையும் போட்டு இழுத்தார். முன்சக்கரத்துக்கடியில் ஒரு கல் பெயர்ந்தது... அது கீழே போய் விழுந்த சத்தம் கேட்க வெகுநேரம் ஆனது. ஆனால் வண்டி திரும்பிவிட்டது.

காலையில் பட்டறைக்குப் போனால், பெல்ட் அதே ஆணியில் இருந்தது. அதன்மேல் தூசிகூடக் கலையவில்லை.

அப்புறம் சீல் வந்தது. மெக்கானிக் மாட்டினார், பெல்ட்டைப் போட்டார், பவுடரைத் தூவினார். எல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தது. வேலை முடிந்தது என்று நிமிர்ந்தவர் கண்ணில், இடது கதவின் வெளிப்பக்கம் ஒரு கறை பட்டது. நான்கு விரல். துடைத்தார். என்ன தோன்றியதோ, அங்கேயும் கொஞ்சம் பவுடரைத் தூவினார். அவரும் சித்தியும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். சுண்டுவிரலில் தொடங்கி, ஒவ்வொரு விரலாக... சிவந்தது.

மெக்கானிக் இரண்டடி பின்னால் போனார். “இந்த ஒழுக்குக்கு எங்கிட்ட சீல் இல்லம்மா.”

விஷயம் காதில் விழுந்து, கொழுந்தன் சாவியைக் கேட்டு வந்து நின்றார். சித்தி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

“தொத்திக்கிட்டுத்தானே வராரு? வரட்டும். அவருக்கு ஸ்டியரிங்கும் கிடையாது, உங்களுக்குச் சாவியும் கிடையாது.”

இன்றைக்கும் ஓட்டுகிறார். அதே சாலை, அதே வளைவு, ராத்திரியிலும்தான்.

நண்பன் சொன்னபோது நானும் உன்னை மாதிரிதான் சிரித்தேன். போன மாதம் அந்த ஜீப்பில் ஏறப் போனேன். இடது கதவில் கை வைத்தேன்.

“ஒரு நிமிஷம் இரு கண்ணு” என்றார் சித்தி. பிறகு எனக்குப் பக்கத்தில், காலியாக இருந்த இடத்தைப் பார்த்து, “ஏங்க, கொஞ்சம் எறங்கிக்குங்க. புள்ள ஏறணும்” என்றார்.

நான் தரையில்தான் நிற்கிறேன். ஒரு காலைக்கூடத் தூக்கி வைக்கவில்லை. அடியில் ஸ்பிரிங் கிறீச்சென்றது... பாரம் இறங்கின மாதிரி, ஜீப்பின் இடது பக்கம் மெல்ல மேலே எழும்பியது.