பால்தில்டா அரசியும் நான் செய்த அறிமுகமும்

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் கணேசலிங்கம் அவர்களே, பரமற்றா நிலையத்தில் ரயில் இறங்கி வெயிலில் நடந்து வந்த பெரியோர்களே, வீட்டில் அடுப்பை அணைத்தோமோ என்ற ஐயத்தோடு அமர்ந்திருக்கும் தாய்மாரே, அறிவிப்பாளன் கேதீஸ்வரனின் அன்பு வணக்கம் மீண்டும்.

நமது தமிழ்ப் பள்ளியின் இந்த 2012ஆம் ஆண்டு விழா நாடகத்தில் அரியணை ஏறப்போகும் பால்தில்டா யார்? ஏழாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து கடல் கடத்தி விற்கப்பட்ட அடிமைப்பெண்! எங்கே விற்றார்கள்? பிராங்கியர் நாட்டில், இன்றைய பிரான்சில். அரண்மனைப் பெரிய அதிகாரி ஒருவருக்குக் கிண்ணம் ஏந்தினாள். மனைவியை இழந்த அவர் இவளையே மணக்க நினைத்தார். இவளோ ஒளிந்துகொண்டாள், அவர் வேறொருத்தியை மணந்த பிறகுதான் வெளியே வந்தாள். சிரியுங்கள் அன்ரி, கெட்டிக்காரி அல்லவா! பிறகு மன்னர் குளோவிஸே அவளை மணந்தார். பெற்ற பிள்ளைகள் மூவர். மூவரும் முடி சூடினர். கணவர் மறைந்து, பாலகனான மகனுக்காக நாடாண்டபோது தான் கடந்த கடலை மறந்தாளா? மறக்கவில்லை! கிறித்தவ அடிமைகளை விற்பதைத் தடுத்தாள். சிறைப்பட்டோரை மீட்டாள். பின்னாளில் கன்னியர் மடத்தில் சேர்ந்து குசினியில் சமையல் வேலையும் பார்த்தாள்.

நேரமாகிறது என்று தலைவர் சைகை காட்டுகிறார். ஓம் ஐயா, இனித்தான் என் கதை.

மேடையேறும் பிள்ளையைப் பெற்றோரின் உத்தியோகம் சொல்லி அழைப்பது நம் வழக்கம். டொக்டர் மகன், எஞ்சினியர் மகள். சற்று முன் அரசி வேடமிட்ட ராகவியை அழைத்தேன். இன்றைய விருந்தைச் சமைக்கும் நிரஞ்சினியின் மகள் அவள். பெருமை செய்வதாக எண்ணி, "படகில் வந்த அகதியின் மகள்" என்றேன். நீங்களும் கைதட்டினீர்கள். பிள்ளை தலை குனிந்து இறங்கிப் போய்விட்டாள்.

பின்னால் ஓடினேன். நிரஞ்சினி சொன்னார்: "அண்ணை, மற்றப் பிள்ளையளின்ர தாய் தேப்பன் எதில வந்தவை எண்டு நீங்கள் சொல்லேல்லையே. நான் என்ர பிள்ளையக் கூட்டிக்கொண்டு போறன்."

வெட்கிப் போனேன், சபையோரே! மூன்று மன்னர்களைப் பெற்றவளை விற்கப்பட்டவள் என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் அது அறிமுகமா? ஊரில் என்ன செய்தீர்கள் என்று நிரஞ்சினியை இன்றுதான் கேட்டேன். பதினொரு வருடம் கணக்குப் படிப்பித்தவராம்!

தங்கச்சி நிரஞ்சினி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு குசினி வாசலில் நிற்கிறீர்கள். பிழை என்னுடையது. சபை நடுவே செய்த பிழைக்குச் சபை நடுவே மன்னிப்புக் கேட்கிறேன். முன்வரிசையில் என் கதிரை உங்களுக்கு. பரிமாறுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மீண்டும் அழைக்கிறேன். கணித ஆசிரியை நிரஞ்சினியின் மகள், செல்வி ராகவி!

அதோ, தாயார் பையை இறக்கி வைக்கிறார். பிள்ளை படியேறுகிறாள். என் மனம் நிறைந்துவிட்டது. பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. அரசிக்கும் அரசியின் அம்மாவுக்கும் என் வணக்கம்!