சர்க்கரை போடாத கூஜா

நாவல்பழத்தை அழுத்திக் கழுவக் கூடாது. தோல் கிழிந்தால் சாறு தண்ணீரோடு போய்விடும். அகலமான சட்டியில் தண்ணீர் ஊற்றி, ஒரு கை கல்லுப்பு போட்டு, பழங்களை அதில் மெதுவாகக் கிளறிவிட்டால் போதும். மண்ணெல்லாம் அடியில் தங்கிவிடும். இதை ஏன் முதலில் எழுதுகிறேன் என்றால், இன்ஸ்பெக்டர் அம்மா, "அந்த சர்பத்தை எப்படிப் போட்டீங்க, ஒண்ணு விடாம எழுதுங்க" என்று நீங்கள்தான் கேட்டீர்கள். ஒன்று விடாமல் எழுதுவது எனக்குப் பழக்கம். எங்கள் சபையின் பெண்கள் கூட்டத்துக்குப் பதினான்கு வருஷமாக நான்தான் செயலாளர்.

என் பெயர் ஞானப்பூ. வயது ஐம்பத்திரண்டு. பாளையம்பட்டியில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, தவிடு விற்கிற கடை எங்களுடையது. போன செவ்வாய்க்கிழமை மதுரையில் ஆஸ்பத்திரியில் இறந்துபோன ஜான்ராஜ் என் கணவர். புகார் கொடுத்திருப்பவள் எங்கள் ஒரே மகள் ஈவா. அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. சர்பத் விஷயத்தை வீட்டுக்குள் கொண்டுவந்ததே அவள்தான்.

பெங்களூரில் வேலை பார்க்கிறவள், இந்தக் கோடைக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன் என்று மே மாதம் வந்தாள். ஒரு மத்தியானம் வெயில் தாங்காமல் ஃபேனுக்குக் கீழே படுத்துக்கொண்டு போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வெள்ளைக்காரி கண்ணாடி டம்ளரில் சிவப்பும் நீலமுமாகப் பழங்களைப் போட்டு நசுக்கி, மேலே பச்சை இலையைக் கசக்கிப் போட்டு, ஐஸைக் கொட்டினாள்.

"என்னடி அது?"

"காக்டெயில்மா. அவுக ஊர்ல வெயிலுக்கு இப்படித்தான் குடிப்பாக. இதுல ஜின்னு ஊத்துவாக. நாம ஊத்தாமப் பண்ணலாம்."

"இந்தப் பழத்துக்கு நான் எங்கடி போவேன்?"

"நம்ம ஊர்ப் பழத்தப் போடும்மா. எலையும் நம்ம எலைதான்."

மே மாதம் களாப்பழம் மட்டும் கிடைத்தது. ஜூன் பிறந்ததும் பழக்காரி முத்துமாரியம்மாள் நரிக்குடி கண்மாய்க்கரை மரத்து நாவலைக் கூடையில் கொண்டுவந்து எங்கள் கடை வாசலில்தான் இறக்குவாள். நாவலைக் கையால் பிசைய வேண்டும். மிக்ஸியில் போட்டால் கொட்டை அரைபட்டுக் கசந்துவிடும். களாவைக் கீறி விதை எடுத்து ஒரு கொதி விட வேண்டும். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் திருநீற்றுப்பச்சிலை தானாக முளைத்துக் கிடந்தது. அதில் ஒரு பிடி, புதினாவில் ஒரு பிடி, உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டு தட்டிப் போட வேண்டும். பிறகு நன்னாரி வேர் ஊறிய தண்ணீர், எலுமிச்சம்பழம், கொஞ்சம் உப்பு, பனங்கற்கண்டு. அவருக்குச் சர்க்கரை நோய் இருந்ததால் கற்கண்டு போடுவதற்கு முன்பே அவர் பங்கைத் தனியாக ஒரு கூஜாவில் எடுத்து வைத்துவிடுவேன். அந்தக் கூஜாவை வேறு யாரும் தொட மாட்டார்கள். துவர்ப்பை யார் குடிப்பார்கள்?

இதுவரை எழுதியதில் குற்றம் எதுவும் இல்லை. இனிமேல் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அவர் பதினோரு வருஷம் குடித்தார். அடிக்கிற குடி இல்லை. விழுந்து கிடக்கிற குடி. கடைச்சாவி, வீடு, ஈவாவின் படிப்பு எல்லாம் நான் பார்த்தேன். ஒரு நாள்கூடச் சத்தம் போட்டதில்லை, பாளையம்பட்டியில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். "ஞானப்பூக்காவுக்கு இருக்குற பொறுமை யாருக்கு வரும்" என்று என் காதுபடவே சொல்வார்கள். வெள்ளிக்கிழமை பெண்கள் கூட்டத்தில் வாசிக்கிற ஜெபக்குறிப்பில் முதல் குறிப்பு எப்போதும் என்னுடையது: சகோதரி ஞானப்பூவின் கணவர் குடியிலிருந்து விடுதலையாக. அதை வாசிக்கும்போது நாற்பது பெண்களும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். கல்யாண வீடுகளில் ஐயரம்மா, அதாவது எங்கள் குருவானவரின் மனைவி, தன் பக்கத்து நாற்காலியை எனக்காகப் பிடித்து வைத்திருப்பார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் ரத்த வாந்தி எடுத்தார். ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள். டாக்டர் எங்கள் மூன்று பேரையும் நிற்க வைத்துச் சொன்னார்: "ஈரல் போயிருச்சு. இனி ஒரு மூடி உள்ள போனாலும் நாங்க பொறுப்பில்ல." அன்றோடு அவர் நிறுத்தினார். நானும் மற்றவர்களைப் போல ரொம்ப சந்தோஷப்பட்டேன்.

அந்த வருஷம் அறுப்பின் பண்டிகையில் அவரைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். கெட்டுத் திருந்தியவர்கள் சபை முன்னால் நின்று தங்கள் கதையைச் சொல்வது எங்களிடம் வழக்கம். அரை மணி நேரம் பேசினார். ஆண்கள்கூட அழுதார்கள். என்னைப் பற்றி ஒரே ஒரு வரி வந்தது: "எங்க வீட்லயும் ரொம்பக் கஷ்டப்பட்டுட்டாக." பிறகு நரிக்குடிப் பக்கம், திருச்சுழிப் பக்கம் என்று சபை சபையாகக் கூப்பிட்டார்கள். போகிற இடமெல்லாம் சால்வை போட்டார்கள். அந்தச் சால்வைகளை நான்தான் துவைத்து மடித்து வைத்தேன்.

எம்.ரெட்டியபட்டியிலிருந்து தங்கச்செல்வி என்று ஒரு பெண் ஷேர் ஆட்டோ பிடித்து வந்தாள். புருஷன் குடிக்கிறானாம். கதவைத் திறந்த என்னிடம், "அண்ணன் இருக்காகளா?" என்றாள். பதினோரு வருஷம் குடிகாரனோடு குடித்தனம் செய்தது நான். அவள் ஆலோசனை கேட்க வந்தது குடிகாரனிடம். நான் டீ போட்டுக் கொடுத்தேன்.

ஜெபக்குறிப்பிலிருந்து என் பெயரை அடிக்க வேண்டி வந்தது. செயலாளர் என்பதால் நானே அடித்தேன். அடுத்த கல்யாணத்தில் ஐயரம்மா பக்கத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். ஈவா போன் பண்ணினால் "அப்பா எங்கம்மா?" என்றுதான் ஆரம்பிப்பாள். கடைச்சாவியையும் அவர் வாங்கிக்கொண்டார். பிடுங்கவில்லை, பிரியமாகத்தான் கேட்டார். "நீ பட்டதெல்லாம் போதும் ஞானம். இனி சும்மா இரு." எனக்குப் பொறாமையாக இருந்தது. அதை மறைப்பானேன். சும்மா இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் புண்ணாக்கு மூட்டைக்குள் ஒளித்து வைக்கிற பாட்டில்களை அந்தக் காலத்தில் நான் எடுத்துவிடுவேன். எல்லாரும் அதைச் சாக்கடையில் ஊற்றிவிட்டேன் என்று நினைத்தார்கள். காசு கொடுத்து வாங்கிய பொருளைக் கொட்ட எனக்கு மனம் வந்ததில்லை. டிரங்குப் பெட்டியில், பழைய திரைச்சீலைகளுக்கு அடியில், பெரும்பாலும் பிராந்தி, குவார்ட்டர் பாட்டில்கள். கிறிஸ்துமஸ் கேக்குக்குப் பழம் ஊறப்போட அவ்வப்போது ஒரு மூடி எடுத்துக்கொள்வேன்.

ஜூன் மாதம் இரண்டாவது வாரம், ஈவா உள் அறையில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தபோது, சர்க்கரை போடாத கூஜாவில் ஒரு ஸ்பூன் ஊற்றினேன். ஒரே ஒரு ஸ்பூன். அவருடைய விடுதலை உண்மையானதா என்று பார்க்கத்தான். உண்மையாக இருந்தால் துப்பியிருப்பார். அவர் டம்ளரைக் காலி செய்துவிட்டு உதட்டைத் துடைத்தார்.

"இதுல என்னமோ இருக்கு ஞானம். மறுபடி மறுபடி கேக்குது. இன்னொரு டம்ளர் ஊத்து."

கேட்டதை நான் கொடுத்தேன். நாவலின் துவர்ப்பும் பச்சிலை வாசமும் எதையும் அமுக்கிவிடும். ஒரு ஸ்பூன் இரண்டாகி, பிறகு மூடிக் கணக்கில் ஆனது. காலை பதினோரு மணிக்குக் கூஜாவைக் கடைக்கு நானே கொண்டுபோவேன். தாமதமானால் ஆள் அனுப்பிக் கேட்பார். ஜூலை பிறந்தபோது, காலையில் தராசில் தவிடு அள்ளிப் போடும்போது அவர் கை நடுங்கியது. கூஜா வந்ததும் நின்றுவிடும்.

ஜூலை இரண்டாவது ஞாயிறு, ஆராதனையில் அவருக்குப் பக்கத்தில் நின்றவர் சபைக் கமிட்டி மெம்பர் ஜோஸ்வா. பாட்டு முடிவதற்குள் அவருக்கு வாடை தெரிந்துவிட்டது. வாரத்துக்குள் கமிட்டி கூடியது. என் கணவர் பீடத்தின் முன்னால் நின்று, "ஆண்டவர் மேல சத்தியமாச் சொல்றேன், ஒரு சொட்டு தொடல" என்றார். ஜோஸ்வா தலையைக் குனிந்துகொண்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மூன்று வருஷம் கழித்துப் பார்த்தார்கள். நான், "அவுகளக் கோவிச்சிராதீக. எனக்குப் பழகிருச்சு" என்று மட்டும் சொன்னேன். அதில் ஒரு பொய்யும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஐயரம்மா எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். இனிமேல் அவர் எங்கும் சாட்சி சொல்லக் கூடாது என்று முடிவெடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார்.

"நான் குடிக்கல ஞானம். ஆனா காலைல கை ஆடுது. பழைய மாதிரியே ஆடுது. எனக்கே எம்மேல சந்தேகமா இருக்கு. குடிச்சிட்டு மறந்துருறேனோ? மண்டைக்கு எதுவும் ஆயிருச்சா?"

குழந்தை மாதிரி அழுதார். முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டேன். இந்த மூன்று வருஷத்தில் அவர்மேல் அவ்வளவு பிரியம் எனக்கு வந்ததில்லை, அம்மா. பழையபடி என்னிடம் வந்துவிட்டார் என்று இருந்தது.

மறுநாள் அவர் ஒரு முடிவோடு எழுந்தார். ஈவாவையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"கடைத் தெருவுல டீ குடிக்கிறேன், எவன் எதக் கலந்து குடுக்குறான்னு தெரியல. இனி உங்கம்மா கையால குடுக்குறதத் தவிர பச்சத்தண்ணி வெளிய தொட மாட்டேன். நீ எங்கூடவே இரு. ஒரு நிமிசம் என்ன விட்டுப் போகாத. பத்து நாள் பாப்போம், அப்புறம் யாரு என்ன சொல்றாகன்னு பாக்கலாம்."

அப்படியே செய்தார். ஈவா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடையில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து வேலை பார்த்தாள். அப்பா எங்கே போனாலும் கூடவே போனாள். வேறு எதுவும் அவர் வாயில் படவில்லை. என் சோறு, என் தண்ணீர், என் சர்பத்.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாமே என்று கேட்டீர்கள். நானும் யோசிக்காமல் இல்லை. நிறுத்தியிருந்தால் பத்து நாளில் வாடை போயிருக்கும். சபை அவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கும். வீண் பழியையும் ஜெயித்தவர் என்று இரண்டாவது சாட்சி சொல்லியிருப்பார். முதல் சாட்சியைவிட அது பெரிதாக இருந்திருக்கும். அதில் எனக்கு ஒரு வரிகூட வந்திருக்காது. அதனால் நிறுத்தவில்லை. கூட்டினேன். டாக்டர் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. மறந்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். ஒன்பதாவது நாள் நாவல் வரத்து குறைவு, முத்துமாரியம்மாள் அரைக்கூடைதான் கொண்டுவந்தாள். பழம் குறைந்த இடத்துக்கு ஒரு முழு குவார்ட்டரை ஊற்றினேன்.

அன்று சாயங்காலம் கடையிலேயே ரத்தம் கக்கினார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவர் வாயை நனைக்க ஈவா கூஜாவைச் சாய்த்திருக்கிறாள். மிச்சம் இருந்தது அவள் கையில் கொட்டியிருக்கிறது. முகர்ந்து பார்த்து, ஒரு வாய் குடித்தும் பார்த்திருக்கிறாள். அப்போது என்னிடம் எதுவும் சொல்லவில்லை. கூஜாவை மூடித் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். அதைத்தான் உங்கள் மேஜைமேல் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "நல்லாக் குடிச்சிருக்காரே" என்றார். கட்டிலைச் சுற்றி நின்ற கமிட்டிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவருக்குக் கேட்டது. எல்லாரும் வெளியே போன பிறகு, என் கையைத் தேடிப் பிடித்தார்.

"ஞானம், நீயாச்சும் நம்புறியா? நான் குடிக்கல."

"நம்புறேன்" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. கொஞ்ச நேரத்தில் உயிர் போய்விட்டது.

கூஜாவில் பிராந்தி ஊற்றியது நான்தான். ஊற்றினால் என்ன ஆகும் என்று தெரிந்தே ஊற்றினேன். யாரும் தூண்டவில்லை. கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். இந்த ஊரில் ஒருத்தர்கூட அவரை நம்பாதபோது, சாகிறவரைக்கும் அவரைச் சந்தேகப்படாத ஒரு மனைவி அவருக்கு இருந்தாள் என்பதையும் கேஸில் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.