வயற்கரைப் பங்கர்

கோப்பாய்ச் சங்கக்கடையில் மண்ணெண்ணெய் வரிசை. ஐப்பசி பிறந்தும் மழை இறங்கவில்லை. எனக்கு முன்னால் நின்ற பெண் சொன்னாள்:

"வானம் மப்புப் போடவேணும், ஆனால் துளி விழக்கூடாது எண்டு பிள்ளையாருக்கு நேத்தி வைச்சிருக்கிறன்."

அவளுக்கு முன்னால் நின்ற கமக்காரர் வெடுக்கெனத் திரும்பினார்.

"என்ன தங்கச்சி கதைக்கிறீர்? நாங்கள் விதைச்சுப்போட்டெல்லே இருக்கிறம்!"

"வானம் வெளிச்சால் குண்டு போடப் பொம்பர் வரும், அண்ணை. மழை பெய்தால் பிள்ளையளை ஒளிக்கிற பங்கர்க் குழி இடிஞ்சுபோடும்."

"எங்கை வெட்டினது?"

"வயற்கரையிலை. கொக்குவிலாலை இடம்பெயர்ந்து வந்து அங்கைதான் இருக்கிறம். கோடையிலை நிலம் கல்லு மாதிரிக் கிடந்தது. வெட்ட, சுவர் சீமெந்து பூசினது போலை நிண்டுது."

"அந்த மண்ணை நனைச்சு உருட்டினால் முறியாமல் வளையுதோ?"

"ஓம். பிள்ளையள் அதிலை காப்புச் செய்து விளையாடுதுகள்."

"அப்ப அது அசல் களி. உங்கடை கொக்குவில் செம்மண் தண்ணியைக் கீழை விட்டிடும். களி விடாது. குடிச்சுக் குடிச்சு ஊதும், பிறகு சுவரை உள்ளுக்குத் தள்ளும்."

"போன கிழமைத் தூறலுக்கே ஒரு பக்கம் சரிஞ்சிட்டுது, அண்ணை."

வரிசை நகர்ந்தது. அவர் தன் எண்ணெய்க் கானைத் தூக்கி ஓரடி தள்ளி வைத்தார். அவளைப் பார்க்காமலே கேட்டார்:

"எந்தப் பிள்ளையாருக்கு வைச்சனீர்?"

"குளத்தடிப் பிள்ளையாருக்கு."

"நானும் அவருக்குத்தான் வைச்சனான், தங்கச்சி. மழைக்கு."