எட்டுக் கிழமையும் எட்டு ரத்தமும்

தலைமையேற்று வீற்றிருக்கும், பர்மிய மரியாதையோடு நாம் ‘ஊ’ சேர்த்து அழைக்கும் ராஜரத்தினம் அவர்களே, என் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொள்ளும் செயலாளர் அவர்களே, தாகேதாவின் தாய்மார்களே, கியாக்தானிலிருந்து பேருந்தில் கசங்கி வந்தும் களையாக அமர்ந்திருக்கும் கண்மணிகளே, ஊசிக்கு அஞ்சாத குருதிக்கொடையாளர்களே, தேநீர்க்கடை செல்லக்கண்ணுவின் வணக்கம்.

"கணினியைப் பற்றி இவனா?" என்று மூன்றாம் வரிசையில் பாலா முணுமுணுக்கிறார். நாலாம் வகுப்பு பிடித்துப்போய் அங்கேயே தங்கிவிட்டவன்தான் நான், பாலா. ஆனால் புரியும்வரை ஆளை விடமாட்டேன்.

நம் கொடையாளர் விவரம் செல்பேசிக்குச் செல்பேசி போகிறது. இணையமோ நூலிழையாக வருகிறது. அந்த இழையில் ஆளுக்கு ஆள் ‘பெயர்’, ‘ரத்த வகை’, ‘ஊர்’ என்று தலைப்பு எழுதி அனுப்பினால் போய்ச் சேருமா? சேராது. ஆகவே கோப்புக்குப் பொறுப்பான நம் மா லதா தலைப்புகளைக் களைந்தார். ஒன்று என்றால் பெயர், இரண்டு என்றால் ரத்த வகை, மூன்று என்றால் ஊர். ரத்த வகைகூட ஒன்று முதல் எட்டு வரை ஓர் எண்தான். இயந்திரம் மட்டும் படிக்கும் பைனரிக் கோப்பு. பந்தி இலையில் ‘இது உப்பு’ என்று எழுதியா வைக்கிறோம்? இடத்தைப் பார்த்தே தெரியவில்லையா? அப்படித்தான்.

பிறகு நாம்தான் நச்சரித்தோம். பிறந்த கிழமையில் கொடுத்தால் கூடுதல் புண்ணியம், கிழமையையும் சேர் என்றோம். இந்தப் பர்மிய நாட்டில் கிழமை எட்டு. புதன் காலை ஒரு கிழமை, புதன் பிற்பகல் ராகு என்று இன்னொரு கிழமை. லதா கிழமைக்கு இரண்டாம் எண்ணைக் கொடுத்து, ரத்த வகையை நான்குக்குத் தள்ளினார். தாகேதாவில் எல்லாச் செல்பேசிகளும் புதுமுறைக்கு மாறின. கியாக்தானில் பட்டியலைக் கவனிக்கும் கோ சுரேந்திரனுடையது மாறவில்லை.

அந்த வாரம் கியாக்தானில் ராஜிக்குப் பிரசவம். ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ் வேண்டும். சுரேந்திரன் தாகேதாவிலிருந்து வந்த புதுக் கோப்பைத் திறந்தார். ஆட்கள் தாராளமாக இருந்தார்கள்.

"வள்ளியப்பண்ணே, கெளம்புங்க. நீங்க ஓ நெகட்டிவ்."

"எனக்குச் சொல்லாம எப்படா மாறுச்சு? நான் பி பாசிட்டிவ்டா."

அடுத்து மூத்தவர் டோ ரத்தினம்மாள். "தம்பி, நான் ஏ. அட்டை கையிலயே இருக்கு."

ஒருவர் தவறென்றால் சிரிக்கலாம். அத்தனை பேரும் தவறென்றால்? அங்கே ஓர் உயிர் சொட்டிக்கொண்டிருக்கிறதே. சுரேந்திரன் லதாவை அழைத்தார்.

"அக்கா, ஒருத்தரும் ஒத்துவரல."

"அவங்கல்லாம் எந்தக் கிழமையில பொறந்தவங்க?"

"வள்ளியப்பண்ணன் புதன் மத்தியானம். ரத்தினம்மா... அவங்களும் அதேதான்."

எட்டாம் கிழமை ராகு. எட்டாம் ரத்த வகை ஓ நெகட்டிவ். கோப்பு உடையவில்லை. செல்பேசி முறையிடவில்லை. எழுதியதும் எட்டு, கிழமையாக; படித்ததும் எட்டு, ரத்த வகையாக. உடைந்த கோப்பை உதறியிருப்போம். உடையாத தவறு உயிர்வரை வந்தது.

லதா தம் திரையில் பார்த்து, உண்மையிலேயே ஓ நெகட்டிவான பவானியை அழைத்தார். தாகேதாவிலிருந்து பவானி வண்டி பிடித்துப் பறந்தார். ராஜி பிழைத்தார்.

பெரியோர்களே, புதுமை வேண்டாமா? வேண்டும். ஆனால் புதியதற்குப் புது எண் கொடுங்கள். கொடுத்த எண்ணைப் பிடுங்காதீர்கள். தெரியாத எண்ணைக் கண்டால் பழைய செல்பேசி அதை அடுத்து வரும் தகவலின் நீளத்தைப் பார்த்துத் தாண்டிப் போய்விடும். தாண்டுவது தீங்கன்று, தவறாய்த் தெரிந்துகொள்வதே தீங்கு. எங்கோ ஒரு மூலையில் பழைய முறையில் படிப்பவரை மறந்துவிட்டு எழுதலாமா?

பொறுப்பை விட்டுவிடுவதாக லதா சொன்னார். அதற்கு, இதோ முன்வரிசையில் பிள்ளையோடு இருக்கும் ராஜி சொன்னார்: "நீங்க போயிட்டா அடுத்து வர்றவங்க மறுபடி ரெண்டாம் எண்ணைத் தொடுவாங்க. நீங்க தொடமாட்டீங்க."

அதற்குமேல் சொல்ல எனக்குப் படிப்பில்லை. பொறுத்த செவிகளுக்கு நன்றி. கொடுத்த கைகளுக்கு வணக்கம்.