வங்கியில் சரியென்று சொன்னார்கள்

கார் விற்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை ஐயா. பணத்தை வாங்குவதில்தான் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். இந்த லன்ச்சானோ ஊரில், வண்டிகளின் உரிமையைப் பெயர் மாற்றிக் கொடுக்கும் அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் கவுன்ட்டரில் உட்கார்ந்தவள் நான். வாங்க வருகிறவன் நல்ல கோட்டும் பளபளக்கும் ஷூவுமாக வந்தால் போதும், விற்கிறவர் குழைந்துவிடுவார். விசாரித்தால் வந்தவர் தப்பாக நினைத்துக்கொள்வாரோ என்று கூச்சம் வேறு. திருடனிடம் போய்க் கூச்சப்படுகிற ஊர் எங்கள் ஊர்.

பெரிய தொகையை ரொக்கமாக வாங்கச் சட்டம் விடாது என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் வங்கியே எழுதிக் கொடுக்கும் காசோலையை வாங்கிக்கொள்வார்கள். வங்கிக் காசோலை என்றால் பணமேதான் என்று ஒரு நம்பிக்கை. அதையும் அச்சடிக்க ஆள் இருக்கிறான். ஆகவே கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்த வங்கிக்குப் போன் செய்து, இப்படி ஒரு காசோலை கொடுத்தீர்களா என்று கேட்க வேண்டும். காசோலையில் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்யக் கூடாது. அந்தப் பக்கம் அவனுடைய கூட்டாளி ஒருத்தி தேன் ஒழுகப் பேசுவாள். எண்ணை நாமே தேடி எடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலையில் வியாபாரமே வேண்டாம். திங்கட்கிழமை வங்கி திறப்பதற்குள் வண்டி நாட்டையே தாண்டியிருக்கும்.

இதை ஆயிரம் பேருக்காவது சொல்லியிருப்பேன். பாதிப் பேருக்கு நானே உள்ளறைக்குப் போய்ப் போன் போட்டுக் கேட்டும் வந்து சொல்லியிருக்கிறேன். அதற்கு யாரிடமும் காசு வாங்கியதில்லை.

ஒர்னெல்லாவுக்காகவும் வங்கிக்கு நான்தான் போன் போட்டேன். அதைக் கேட்கத்தானே வந்திருக்கிறீர்கள். சொல்கிறேன். அதற்கு முன்னால் அவளைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும்.

ஒரே மாடியில் எதிரெதிர் வீடு எங்களுக்கு. நாற்பது வருடம். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவள் புருஷன் ரெமோ சுவிட்சர்லாந்தில் கட்டட வேலைக்குப் போய் வருஷத்தில் இரண்டு தடவை வருவான். எனக்கு முப்பத்தொரு வயதில் வடக்கே பொலோன்யா நகரத்தில் நல்ல வேலை கிடைத்தது. பெட்டிகூடக் கட்டிவிட்டேன். ஒர்னெல்லா நாலு வயதுப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் வாசலில் வந்து உட்கார்ந்தாள்.

"போகாதடி எல்வீரா. நீயும் போயிட்டா இந்த நாலு சுவத்துக்குள்ள நான் செத்தே போயிடுவேன்" என்றாள்.

நான் போகவில்லை. அவ்வளவுதான். அதை நான் தியாகம் என்று எப்போதும் சொல்லிக் காட்டியதில்லை. ஞாயிறுதோறும் சின்னச் சின்ன இறைச்சி உருண்டை போட்ட பாஸ்தா அவள் வீட்டில், காபி என் வீட்டில். அந்தக் குழந்தை செரேனா என் மடியில்தான் எழுத்துக் கூட்டினாள். ரெமோ ஒரேயடியாக ஊர் திரும்பி வந்து, ஆசையாக ஒரு சாம்பல் நிற ஆல்ஃபா கார் வாங்கி, அதை ஒரு வருடம்கூட ஓட்டாமல் மாரடைப்பில் போனபோது ஒர்னெல்லாவைத் தூக்கி உட்காரவைத்துச் சோறூட்டியவள் நான்தான்.

இரண்டு வருடத்துக்கு முன், மார்ச் மாதம், அலுவலகத்தில் ஏழெட்டுப் பேர் காத்திருக்கும்போது ஒர்னெல்லா கவுன்ட்டருக்கு வந்தாள். ஆல்ஃபாவை விற்க என்னென்ன காகிதம் வேண்டும் என்று கேட்டாள். ஏன் விற்கிறாய் என்றேன். வடக்கே டூரினில் மகள் செரேனா வீட்டுக்குப் பக்கத்தில் ஒற்றை அறை வீடு ஒன்று பார்த்திருக்கிறாளாம். கார் பணம் வந்தால் முன்பணம் கட்டிவிடலாமாம். இங்கே வீட்டைக் காலி செய்வதாகக் கடிதமும் கொடுத்துவிட்டாளாம். தபால் தலை கேட்பதுபோல எல்லார் முன்னாலும் சொன்னாள்.

என்னிடம் முதலில் சொல்லக் கூடாதா என்றேன்.

"சொன்னா நீ அழுவ. அதான் தள்ளிப்போட்டேன். உனக்கென்னடி, வேலை இருக்கு, ஊரே உன்னைத் தெரிஞ்சு வச்சிருக்கு."

பொலோன்யாவை நான் நினைவுபடுத்தினேன். அப்படிச் செய்திருக்கக் கூடாது. அவள் நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். நடிக்கவில்லை ஐயா, உண்மையாகவே யோசித்தாள்.

"அது நீயாத்தானே போகல? குளிர் ஒத்துக்காதுன்னு சொன்ன" என்றாள்.

என் வாழ்க்கை எந்த வாசற்படியில் நின்றுபோனதோ, அந்த வாசற்படியே அவளுக்கு ஞாபகம் இல்லை. விட்டுப் போகிறவர்களை மன்னிக்கலாம். மறந்துவிட்டுப் போகிறவர்களை என்ன செய்வது? அன்றுதான் அவளுடைய ஞாபகத்தில் கோளாறு இருக்கிறது என்று கண்டுகொண்டேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பிறகு நான் செரேனாவிடம் சொன்னதெல்லாம் இட்டுக்கட்டியதல்ல.

ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை, மாலை நாலு மணிக்கு இருபது நிமிடம் முன்பு, பெர்த்தோலினி என்று பெயர் சொல்லிக்கொண்டு அந்த ஆள் வந்தான். தன்னை எஞ்சினியர் என்றான். ஒர்னெல்லாவுக்குக் கதவைத் திறந்துவிட்டான், நாற்காலியை இழுத்துப் போட்டான். பதினேழாயிரத்து ஐந்நூறு யூரோவுக்கு, ஆங்கோனாவில் ஒரு வங்கிக் கிளை கொடுத்த காசோலை. பேரம்கூடப் பேசவில்லை. எனக்கு அதுவே போதும். பேரம் பேசாமல் பழைய கார் வாங்குகிறவனை இருபத்தாறு வருடத்தில் நான் பார்த்ததில்லை.

"நீ சொன்னா கையெழுத்து போடறேன்" என்று ஒர்னெல்லா காசோலையை என்னிடம் நீட்டினாள். அவன் உதவியாக, எண் அதிலேயே இருக்கிறது என்றான்.

உள்ளறைக்குப் போனேன். காசோலையில் இருந்த எண்ணை விட்டுவிட்டு, கிளையின் எண்ணைப் புத்தகத்தில் தேடி எடுத்துப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். காசோலை எண்ணைச் சொன்னேன். அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அப்படி எதுவும் நாங்கள் கொடுக்கவில்லை, அது போலி, உடனே போலீசைக் கூப்பிடுங்கள் என்றாள். நன்றி சொல்லி வைத்தேன். அந்தப் பெண் இதைக் குறித்து வைத்திருக்கிறாள் என்று நீங்கள் சொல்லித்தான் தெரிகிறது. பொறுப்பான பெண்.

உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். கோபமாக இருந்தேனா என்று கேட்டால், இல்லை. வெளியே வந்தேன்.

"வங்கியில சரின்னு சொல்லிட்டாங்க" என்றேன்.

ஒர்னெல்லா எழுந்து என் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். வாசலைப் பார்த்து ஓடத் தயாராக நின்ற அந்த ஆள்தான் அதிகமாகத் திகைத்துப்போனான். என்னையே பார்த்தான். அவனை எனக்கு முன்பின் தெரியாது. அதை நீங்கள் நம்ப வேண்டும். அவனிடமிருந்து ஒரு காசுகூட நான் வாங்கவில்லை. அவள் கையெழுத்துப் போட்டாள், நான் முத்திரை குத்தினேன், அவன் சாவியை எடுத்துக்கொண்டு போனான்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு வங்கியிலிருந்து நேராக என்னிடம் ஓடி வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"நீ போன் பண்ணி கேட்டியேடி?"

இதற்கு நான் எதுவும் யோசித்து வைத்திருக்கவில்லை. வாயில் தானாக வந்தது.

"கேக்கறேன்னுதான் எழுந்தேன். நீதான் வேண்டாம், நேரமாச்சு, அவர் தப்பா நெனைப்பார்னு கையைப் புடிச்சு உக்கார வச்ச. ஞாபகம் இல்லையா?"

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போது உங்களைப் பார்ப்பதுபோல நிதானமாக நானும் அவளைப் பார்த்தேன்.

"அப்படியா சொன்னேன்?" என்றாள்.

பிறகு நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாற்பது வருடமாக என் பேச்சை நம்பியவள். உங்கள் கோப்பைப் புரட்டிப் பாருங்கள், அவளுடைய புகார் இருக்கும். எல்வீரா எச்சரித்தாள், நான்தான் கேட்கவில்லை என்று அவள் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

டூரின் வீடு கைநழுவிப் போயிற்று. காலி செய்யும் கடிதத்தை வீட்டுக்காரரிடம் பேசி நான்தான் திரும்ப வாங்கிக் கொடுத்தேன். அதோடு முடிந்திருக்கும். ஆனால் செரேனா, பரவாயில்லை அம்மா, எங்கள் வீட்டிலேயே வந்து இரு, குழந்தைகளைப் பார்த்துக்கொள் என்று ஆரம்பித்தாள். ஒர்னெல்லாவும் மறுபடி பெட்டி எடுத்தாள். அப்போதும் என்னிடம் சொல்லவில்லை. பெட்டியை நானாகத்தான் பார்த்தேன்.

அதன் பிறகு சின்னச் சின்ன விஷயங்கள். என்னிடம் அவள் வீட்டுச் சாவி ஒன்று எப்போதும் உண்டு. காபிப் பாத்திரம் துணி அலமாரியில் இருக்கும். ரெமோவின் மோதிரம் சர்க்கரை டப்பாவில் இருக்கும். ஒருநாள் அவள் சந்தையிலிருந்து வரும்போது வெறும் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. யார் பற்றவைத்தது என்பதையும் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், நான்தான். ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டுத்தான் பற்றவைத்தேன். அவளுக்கு ஆபத்து வர நான் விடுவேனா?

செரேனாவுக்குப் போன் செய்தேன். அம்மாவுக்கு ஞாபகம் தடுமாறுகிறது என்று வருத்தத்தோடுதான் சொன்னேன். அவள் அழுதாள். இரண்டு சின்னக் குழந்தைகளை அம்மாவை நம்பி எப்படி விடுவது என்று என்னையே கேட்டாள். விடாதே கண்ணு என்றேன். டாக்டரிடமும் நான்தான் கூட்டிப் போனேன். ஞாபகத்தைச் சோதிக்க, ஒரு கடிகாரம் வரைந்து பதினொன்று பத்துக்கு முள் வைக்கச் சொன்னார். ஒர்னெல்லா பயந்துபோனாள். முள்ளைத் தப்பாக வைத்துவிட்டு, சரிதானா என்று திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. என்னை அவள் அப்படிப் பார்த்தது அந்த வாசற்படிக்குப் பிறகு அன்றுதான்.

இப்போது அவள் மாத்திரை சாப்பிடுகிறாள். தூக்கம் வருகிற மாத்திரை. பகலிலும் படுத்திருக்கிறாள். தனியாகக் கீழே இறங்குவதில்லை. எதுவானாலும் என் கதவைத் தட்டி, இன்று என்ன கிழமை, பணம் கட்டிவிட்டேனா, ரெமோவுக்குப் பூ வைத்தோமா என்று கேட்டுக்கொள்கிறாள். போன வாரம் தானாகவே பொலோன்யாவைப் பற்றிப் பேசினாள். நான் போகாதே என்று உன்னைக் கெஞ்சினேன் இல்லையா என்றாள். ஆமாம் என்றேன். இரண்டு பேரும் அழுதோம். அவளுக்கு ஞாபகம் திரும்பிக்கொண்டுதான் இருக்கிறது ஐயா, என்னிடம் இருப்பதால்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். அவளிடமும் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியது உங்கள் கடமை என்கிறீர்கள். தாராளமாகப் போய்ச் சொல்லுங்கள், எதிர்க் கதவுதான். மரியாதையாகக் கேட்டுக்கொள்வாள், உங்களுக்குக் காபி போட்டுக் கொடுப்பாள். நீங்கள் போனதும் எனக்குப் போன் போட்டு, அப்படி ஓர் அதிகாரி வந்தாரா, இப்படியெல்லாம் சொன்னாரா என்று கேட்பாள். நான் சிறையில் இருந்தாலும் என்னைத்தான் கேட்பாள். அன்றைக்கு அவள் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் நான் பதில் சொல்வேன்.