கொஞ்சம் பிடிப்பு

நாற்காலியில் பார்த்து உட்காருங்கள் அம்மா, ஒரு கால் குட்டை. தம்பிதான் அட்டையை மடித்து முட்டுக்கொடுப்பான். இப்போது அவனால் குனிய முடியாது.

தம்பி வேலை பார்த்த சலவைக்கடைக்காரர் உங்கள் மருத்துவமனையில் புகார் கொடுத்தது எனக்குத் தெரியும், அதை விசாரிக்கத்தானே வந்திருக்கிறீர்கள். தம்பியின் பேச்சு அவருக்கும் புரிகிறதாம். இத்தனை வருடம் நான் காதைத் தீட்டிக் கேட்ட பேச்சு, நேற்று வந்தவருக்குப் புரிந்துவிட்டது. இருக்கட்டும், நானே சொல்லிவிடுகிறேன்.

தம்பிக்கு மல்டிபிள் ஸ்க்லரோசிஸ், நரம்பு நோய். பேச்சு குழறும், கை நடுங்கும், கால் இரண்டும் கட்டையாய் விறைத்துக்கொள்ளும். மாத்திரைக்கு அடங்காமல் போனதும் வயிற்றுத் தோலுக்கு அடியில் சின்ன பம்பு வைத்தார்கள். அதிலிருந்து முதுகுத்தண்டுக்கு விறைப்பைத் தளர்த்தும் மருந்து போகும். மருந்து நிரப்பப் போகும்போதெல்லாம் டாக்டர் அளவைக் கூட்டுவார், குறைப்பார். அவன் குழறுவது அவருக்குப் புரியாது. நான்தான் எடுத்துச் சொல்வேன்.

எனக்கு வந்த வரன்களைத் தட்டிக்கழித்துவிட்டு அவனைத் தூக்கினேன், துடைத்தேன், விறைத்த காலை நீவிவிட்டேன். தெய்வப்பிறவி என்றார்கள். தெய்வத்துக்கு இடுப்பு வலிக்காது போலிருக்கிறது.

பம்பு வைத்ததும் அவன் மேசையைப் பிடித்து நிற்கப் பழகினான். சலவைக்கடையில் இஸ்திரி போடப் போனான். பேனா பிடித்தால் ஆடுகிற கை, இஸ்திரிப் பெட்டியின் கனத்தில் அடங்கிவிடும். கடைக்காரர் பின்னறையிலேயே தங்கிக்கொள்ளச் சொன்னார். ஒருநாள் சாப்பிடும்போது சொன்னான்.

"அக்கா, நான் அங்கயே இருந்துக்கறேன். நீ இனிமே உன் வாழ்க்கையப் பாரு."

என் வாழ்க்கையாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏறிவிட்டு ஏணியை உதைக்கிற பிள்ளை. ஆனாலும் நான் குரலை உயர்த்தவில்லை. இன்னொரு கரண்டி சோறு வைத்தேன்.

அடுத்த முறை மருந்து நிரப்பப் போனபோது அவன் டாக்டரிடம், "கொஞ்சம் பிடிப்பு வேணும். அதுலதான் நிக்கறேன்" என்றான். உண்மைதான். இறுக்கம் முழுக்கப் போனால் கால் துவண்டுவிடும். டாக்டர் என் முகத்தைப் பார்த்தார்.

"பிடிப்பு தாங்க முடியலையாம் டாக்டர்" என்றேன்.

அவன் கத்தினான், தலையை ஆட்டினான். கோபம் வந்தால் அவன் கால் இன்னும் விறைக்கும். டாக்டர் மடக்கிப் பார்த்தார், மடங்கவில்லை. "பாவம், எவ்வளவு வலி" என்று அளவைக் கூட்டினார். அதற்கடுத்த முறை, ராத்திரியில் இழுக்கிறது என்றேன். ராத்திரி இழுப்பை அவர் வீட்டுக்கு வந்தா பார்க்கப்போகிறார்? மறுபடி கூட்டினார். அவன் நிற்காமல் போனதும், நோய் முற்றுகிறது என்று வருத்தப்பட்டார். நானும் வருத்தப்பட்டேன்.

இப்போது கால்கள் ஈரத்துணி மாதிரி கிடக்கின்றன. பாதி நேரம் தூக்கம். துடைப்பது எளிது, உடை மாற்றுவது எளிது. ஆமாம், தெரிந்துதான் செய்தேன். வாழ்க்கையில் எனக்கும் ஒரு பிடிப்பு வேண்டாமா?

உள்ளே வாருங்கள், அவனையே கேளுங்கள். "அக்கா... போ..." என்கிறான், கேட்கிறதா? என்னைப் பார்த்தால் அதே சொல்தான். 'அக்கா, போகாதே' என்கிறான். முழுக்கச் சொல்லி முடிக்க அவனுக்குத் தெம்பில்லை. அவன் பேச்சு எனக்கு மட்டும்தான் புரியும்.