மணி அடிக்காத மத்தியானம்

மே மாத வெயிலை இந்த ஊரில் மனிதர்கள் எப்படியோ தாங்கிவிடுகிறார்கள். கம்ப்யூட்டர் டேப்புக்குத்தான் அது ஆகாது. சூடு கூடினால் சுருள் ஒட்டிக்கொள்ளும். ஈரம் சேர்ந்தால் பூசணம் பிடிக்கும். அதனால்தான் எங்கள் தொழிற்சாலையில் மேனேஜர்களே மின்விசிறிக்கு அடியில் வியர்த்துக்கொண்டிருந்த காலத்தில் என் டேப் அறைக்கு மட்டும் ஏ.சி. இருந்தது. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை பார்ப்பேன். சாயங்காலம் குஷாய்குடா பஸ்ஸில் அதை மடித்து மடியில் வைத்திருந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள்.

இன்ஸ்பெக்டர் சார், நீங்கள் கூப்பிட்டு நான் வரவில்லை. விசாரணை முடிந்தது, மின்கசிவு என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டீர்கள். எழுதியதில் தப்பில்லை. தீ ஏ.சி. வயரில்தான் பிடித்தது. அதை நான் வைக்கவில்லை.

என் பெயர் உலகநாதன் என்பது உங்களுக்குத் தெரியும். லாலாகுடா ரயில்வே காலனியில் பிறந்தவன். தொழிற்சாலைக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது, அதன் டேப்களைப் பார்த்துக்கொள்ள நம்பகமான ஆள் வேண்டும் என்று என்னைப் போட்டார்கள். எங்கள் என்ஜினியர்கள் வருஷக்கணக்கில் போட்ட வரைபடங்கள், சோதனை முடிவுகள் எல்லாம் அந்த டேப்களில்தான் ஏறின. ஏறிய பிறகு, வைக்க இடமில்லை என்று காகிதங்களைக் கழித்துவிட்டார்கள். ஆகவே ஒரு விதி இருந்தது. ஒவ்வொரு டேப்புக்கும் ஒரு நகல் எடுத்து, அல்வாலில் இருந்த எங்கள் கிடங்குக்கு ஜீப்பில் அனுப்ப வேண்டும். இங்கே ஏதாவது நடந்தால் அங்கே இருக்கும்.

ஒரு வருஷம் வெளிநாட்டிலிருந்து புது டேப் வருவது நின்றுபோயிற்று. லைசென்ஸ் தகராறு. ஆனால் வேலை நிற்கவில்லை, எழுதுவதற்கு டேப் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எங்கள் பிரிவின் தலைவர் ரகுநாதனிடம் போய் நின்றேன்.

"எப்படியாவது சமாளிங்க உலகநாதன். டேப் இல்லைன்னு மட்டும் என்கிட்ட வந்து சொல்லாதீங்க" என்றார்.

சமாளித்தேன். அல்வாலிலிருந்து நகல்களைத் திருப்பிக் கொண்டுவந்து, அழித்து, புது வேலைக்குக் கொடுத்தேன். அங்கே அலமாரி வெறுமையாகத் தெரியக் கூடாது என்று, தேய்ந்துபோய்க் கழித்த டேப்களில் பழைய பெயர்ச்சீட்டுகளை ஒட்டி அடுக்கினேன். புதுச் சரக்கு வந்ததும் சரிசெய்துவிடலாம் என்றுதான் இருந்தேன். சரக்கு வந்தது, வந்த வேகத்தில் அதையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அப்புறம் தணிக்கைக்காரர்கள் வந்தார்கள். அல்வாலில் சீட்டுகளைப் படித்துப் பார்த்துவிட்டு, எல்லா ஆபீசிலும் இப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றார்கள். ஒரு டேப்பையாவது மெஷினில் மாட்டிப் பார்க்க அவர்களுக்குத் தோன்றவில்லை. அந்த வருஷ விழாவில் மேடைக்குக் கூப்பிட்டு எனக்குச் சால்வை போட்டார்கள்.

அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? ராத்திரிகளில் கண் மூடினால் அல்வால் அலமாரிதான் தெரியும். சோறு இறங்கவில்லை. என் மனைவி ராஜம் வயிற்றுப் புண் என்று நினைத்து மோராகக் கரைத்துக் கொடுத்தாள். யாராவது அல்வால் என்று பேச்செடுத்தாலே எழுந்து வெளியே போய்விடுவேன். எத்தனையோ நாள் ரகுநாதன் அறை வாசல் வரை போய்த் திரும்பியிருக்கிறேன்.

சரி, அந்த மத்தியானத்துக்கு வருகிறேன். எல்லோரும் கேன்டீனுக்குப் போயிருந்தார்கள். நான் சாப்பிடப் போகாமல் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். டேப் அறையின் மறு கோடியிலிருந்து புகை வந்தது. நான் பார்ப்பதற்குள் உமாசங்கர் உள்ளே ஓடிவிட்டான். புரோகிராம் எழுதுகிற பையன், கும்பகோணத்துக்காரன். கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு, தள்ளுவண்டியில் டேப்களை அள்ளிப் போட்டு வாசலுக்குத் தள்ளினான். நான் வாங்கி வெளியே வைத்தேன். திரும்பவும் உள்ளே போனான்.

அந்த அறையில் தீயை அணைக்கத் தண்ணீர் கிடையாது. தண்ணீர் பட்டால் டேப் போயிற்று. சுவருக்குப் பின்னால் கரியமில வாயு சிலிண்டர்கள் இருக்கின்றன. வெளியே கண்ணாடிக்குள் ஒரு கைப்பிடி. கண்ணாடியை உடைத்து அதை இழுத்தால் கதவு தானாக மூடிக்கொள்ளும், வாயு அறையை நிரப்பும், தீ அணைந்துவிடும். உள்ளே ஆள் இருந்தால் நாலு மூச்சுக்கு மேல் தாங்காது. அதனால் முதலில் மணி அடித்து, எல்லோரும் வெளியே வந்துவிட்டார்களா என்று பார்த்த பிறகுதான் இழுக்க வேண்டும். அந்த விதியைத் தமிழிலும் தெலுங்கிலும் எழுதி மாட்டியவனே நான்தான்.

காவல்காரன் மணல் வாளியோடு ஓடி வந்தான். "அந்தர் கோயி ஹை க்யா, சாப்?" என்றான். உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டான்.

"கோயி நை" என்றேன். யாரும் இல்லை. "நீ போய் ஃபயர் ஸ்டேஷனுக்கு போன் பண்ணு" என்று அனுப்பிவிட்டேன்.

மணி அடிக்கவில்லை. கண்ணாடியை உடைத்து இழுத்தேன். கதவு மூடியது. உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

அவன் உள்ளே போனதை நான் கவனிக்கவில்லை என்று உங்களிடம் சொன்னேன். அது பொய். ஆனால் ஒன்றை நீங்கள் யோசிக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் எத்தனையோ பேருடைய உழைப்பு கருகிப்போயிருக்கும். அல்வாலில் மாற்று இல்லை என்பது எனக்குத் தெரியும். ஒரு உயிரா, இத்தனை பேரின் வேலையா என்று ஒருவன் முடிவெடுக்க வேண்டியிருந்தது. அந்த இடத்தில் நின்றவன் நான். எடுத்தேன். டேப்கள் எல்லாம் பிழைத்தன. இப்படிச் சொல்லிக்கொண்டுதான் இத்தனை நாளும் பஸ் ஏறினேன்.

நேற்று உமாசங்கரின் மனைவி கல்பகம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஏ.எஸ்.ராவ் நகர் வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போகிறாள். சொல்லிக்கொண்டு போக வந்தாள். மாசமாக இருக்கிறாள். ராஜம் அவளை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தாள்.

"அவர் போறதுக்கு முதல் நாள் ராத்திரி உங்களைப் பத்தித்தான் சார் பேசிண்டிருந்தார்" என்றாள். "சாருக்கு ஆபீஸ்ல ஏதோ பெரிய கஷ்டம், வெளியில சொல்ல முடியாம தவிக்கறார், நான் கூட நின்னு சரி பண்ணிக் குடுத்துடுவேன்னார். அது சரியாச்சா சார்?"

"ஆச்சும்மா" என்றேன்.

"அப்படின்னா சரி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ராஜம் என்னைப் பார்த்தாள். என்ன கஷ்டம் என்று அவளுக்கும் தெரியாது.

கல்பகம் போன பிறகு என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை. உங்களிடம் சொல்லாமல் விட்டது இதுதான். தீப்பிடிப்பதற்கு முதல் நாள் உமாசங்கர் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினான். ஏதோ பழைய வரைபடம் தேடி ஸ்கூட்டரில் அல்வாலுக்கே போயிருக்கிறான். அங்கிருந்த டேப்களைக் கொண்டுவந்து மெஷினில் மாட்டிப் பார்த்திருக்கிறான்.

"சார், அங்க இருக்கறது எதுலயுமே ஒண்ணும் இல்லை" என்றான்.

நான் எழுந்து போய்த் தாழ்ப்பாளையும் போட்டேன்.

"ரகுநாதன் சாருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரிய வேண்டாம். இப்போ ஸ்டோர்ஸ்ல புது டேப் வந்திருக்கு. நாளைலேர்ந்து சாயங்காலம் நானும் இருக்கேன். கொஞ்சம் கொஞ்சமா எல்லாத்துக்கும் நகல் போட்டுடலாம். யாருக்கும் தெரியாது." என் தோளில் கை வைத்தான். "இத்தனை வருஷம் தனியா எப்படி சார் தாங்கினேள்?"

அவன் என்னைத் திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். மேலிடத்தில் சொல்லியிருந்தால் அன்றைக்கே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அவன் சிரித்தான். சின்னக் குழந்தை பாலைக் கொட்டிவிட்டால் சிரிப்போமே, அந்த மாதிரி.

வேறு யாராக இருந்தாலும் அந்தப் புகையில் நுழைந்திருக்க மாட்டார்கள். அல்வாலில் இருக்கிறதே என்று விட்டிருப்பார்கள். அங்கே நகல் இல்லை என்று என்னைத் தவிரத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். என்னைக் காப்பாற்றத்தான் உள்ளே போனான். "இன்னும் ஒரு ரேக்தான் சார், பயப்படாதீங்கோ" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தான். குரல் எந்த மூலையிலிருந்து வந்தது என்றுகூட எனக்குத் தெரியும்.

எழுதிக்கொள்ளுங்கள். கண்ணாடியை உடைத்தபோது எனக்கு டேப் ஞாபகமே இல்லை. அவன் வெளியே வந்தால் தினமும் என்னைப் பார்த்து அப்படிச் சிரிப்பானே என்றுதான் நினைத்தேன்.